நாலு மூலை எடை

பதினோரு அட்டைப்பெட்டிகளிலும்
ஒரு பிஸ்கட் டின் நிறைய ரிவெட்டுகளிலுமாக
வந்து இறங்கியது என் கார்.
கதவு கிடையாது. கூரை கிடையாது.
இன்ஜினும் கியர்பாக்ஸும்
ஸ்பால்டிங் காயலான் கடையில்
முகம் நசுங்கிக் கிடந்த ஒரு சியராவினுடையவை.
கட்டி முடிக்க மூன்று குளிர்காலம்.
"பிள்ளைக்கே பத்து மாதம்தான்" என்றாள் ரொவீனா.

சோதனை நிலையத்தில் அதிகாரி
ஒரு பந்தை உருட்டி உருட்டி
கூர்மையான விளிம்பு தேடினார்.
நட்டுகளுக்கெல்லாம் பிளாஸ்டிக் குல்லா மாட்டியிருந்தேன்,
நாற்பத்துமூன்று.
நம்பர் கிடைத்த அன்றிரவே
அத்தனையும் கழற்றிச் சமையலறைத் தராசில் கொட்டினேன்.
இருநூற்றுப் பத்து கிராம்!
அடுப்பில் கிரேவி தீய்ந்த வாசனை
எனக்கு மட்டும் வரவில்லை.

லேசான காருக்கு வாக்கப்பட்டவனுக்கு
கழித்தல் கணக்கு மட்டும்தான் வரும்.
ஸ்டெப்னி போயிற்று. ஹீட்டர் போயிற்று.
சீட் பஞ்சில் பாதி போயிற்று.
ஜெர்மனியிலிருந்து டைட்டானியம் போல்ட் எட்டு வரவழைத்தேன்:
சுண்டைக்காய் கால் பணம்,
சுமைகூலி முக்கால் பணம்.

இந்தச் சதுப்பு நாட்டில் மேடென்று எதுவுமில்லை.
வாய்க்கால் நேர்கோடு.
சாலையும் நேர்கோடுதான், ஆனால்
அடியில் கரிமண் இளகி இளகி
அலையாய்ப் புரளும்.
பத்து மைல் போனால் ஒரு நட்டாவது தளரும்.
ஆகவே சனிக்கிழமைதோறும்
நட்டின் மேல் இழுத்த மஞ்சள் கோடு
விலகியிருக்கிறதா என்று
டார்ச்சோடு மல்லாந்து கிடப்பேன்.
நவம்பரில் கூடுதலாக ஒரு வேலை:
சர்க்கரை பீட் லாரிகள் சிந்தும் சேற்றை
வீல் வளைவிலிருந்து சுரண்டுவது.
அதுவும் எடைதானே.

வருஷத்துக்கொரு முறை
நான்கு சக்கரத்துக்கும் நான்கு குளியலறைத் தராசு.
ஒன்று எங்களுடையது,
மூன்று தெருவில் இரவல்.
டிரைவர் சீட்டில் நான் சிலையாய் உட்கார
ரொவீனா குனிந்து எண்களை வாசிப்பாள்.
ஸ்பிரிங்கை ஒரு சுற்று ஏற்றி, அரைச் சுற்று இறக்கி
நாலு மூலையையும் சமன் செய்வோம்.

போன வருஷம் சமன் ஆகவே இல்லை.
வலது பின்மூலை லேசு.
ஸ்பிரிங் விற்றவனுக்குக் காட்டமாக ஒரு கடிதம்.
புது ஸ்பிரிங். அப்போதும் லேசு.
டயரில் காற்று பார்த்தேன், தரையில் மட்டம் பார்த்தேன்.
காட்டர் பின்னைத் துளையில் நுழைக்கக்
கை நடுங்கியது; குளிர் என்றேன்.
அந்தக் குளிரில் சட்டை நனைய வியர்த்தது;
அதற்கு எதையும் சொல்லவில்லை.

"இறங்கு" என்றாள் ரொவீனா.
"நீ மட்டும் ஏறி நில்லு."
எண்பத்திரண்டு என்று
சுவரில் பென்சிலால் எழுதியிருந்தது, போன வருஷக் கணக்கு.
தராசு எழுபத்தொன்று காட்டியது.
பக்கத்துத் தராசில் ஏறினேன். எழுபத்தொன்று.
மூன்றாவதில் ஏறப் போனபோது
அவள் என் கோட்டை எடுத்து வந்து நின்றாள்.

கழுத்தடியில் ஒரு சுரப்பியாம்.
ஐடிலில் நிற்க வேண்டிய இன்ஜின்
நாலாயிரம் சுற்றில் அலறுவது மாதிரி
உள்ளே ஓடிக்கொண்டிருந்ததாம்.
"எப்போதிலிருந்து?" என்று கேட்டார் டாக்டர் பெல்லிங்ஹாம்.
ஆகஸ்டுக்கும் நவம்பருக்கும் இடையில் என்றேன்,
சர்வீஸ் நோட்டைப் புரட்டி.

மாத்திரை தொடங்கிய வாரம்
ரொவீனா கடையிலிருந்து
ஒரு கிலோ சர்க்கரைப் பாக்கெட் பதினொன்று வாங்கி வந்தாள்.
இதே வயல் பீட்டில் காய்ச்சிய சர்க்கரை.
சாக்கில் கட்டி
என் சீட்டுக்கடியில் பெல்ட் போட்டு இறுக்கினாள்.
பழைய ஸ்பிரிங்கை மாட்டச் சொன்னாள்.
நாலு மூலையும் சரி.

நான் ஒரு கிலோ ஏறினால்
ஒரு பாக்கெட் சமையலறைக்குப் போகும்.
ஏப்ரலில் எலுமிச்சைக் கேக்.
ஜூனில் நெல்லிக்காய் ஜாம்; கொஞ்சம் புளிப்பு.
இன்னும் நாலு பாக்கெட் கீழே இருக்கிறது.

நேற்று மழையில் மாட்டிக்கொண்டோம்,
கூரை இல்லையே.
வீடு சேர்ந்ததும் தலையைக்கூடத் துவட்டாமல்
சாக்கைத் தடவிப் பார்த்தாள்,
நனைந்திருக்கிறதா என்று.