இருபத்தெட்டாவது

ஸ்காபரோ, மார்க்கம் வீதி.
டயர்க் கடைக்கு அடுத்த கதவு எங்கள் கோயில்.
அதற்கடுத்தது சபை.
செய்தி வந்த ஞாயிறு
இரண்டுக்கும் கார் நிறுத்த இடமில்லை.

சுவருக்கு அப்பால் மைக் கரகரத்தது:
"அவர்களுக்காகவும் அவர் மரித்தாரா?"
இப்பக்கம் சப்பாத்தைக் கழற்றியபடி
திருநாவு அண்ணர்: "அண்டசராசரம் எண்டு
அப்பவே சொல்லியாச்சு. இதில என்ன புதினம்?"
சொல்லிவிட்டு, வழமையில்லாமல்
மூன்று தரம் விழுந்து கும்பிட்டார்.

நான் பற்றுச்சீட்டு மேசையில்.
பனி சொட்டும் தொப்பியோடு நிரஞ்சலா அக்கா,
இரவு வேலை முடிந்து நேரே.
"ஒரு அர்ச்சனை. அதுகளுக்கு."
பெயர்?
"தெரியாது."
நட்சத்திரம்?
கைபேசியைப் பார்த்து வாசித்தா:
இரண்டு எழுத்து, ஐந்து இலக்கம்.

கணினி இருபத்தேழுதான் காட்டும்.
அசுவினி முதல் ரேவதி வரை
இறக்கி ஏற்றிப் பார்த்தேன்.
பிறகு பேனாவை எடுத்தேன்.

ஐயர் துண்டைக் கண்ணருகே பிடித்தார்.
இலக்கங்களை ராகத்தில் இழுத்தார்,
நாலாவதில் இடறினார், திரும்பத் தொடங்கினார்.
"ஸககுடும்பானாம்" வரும் இடத்தில் நின்றார்.
பாசிபோல் ஏதோ என்கிறார்கள்,
அதற்கேது குடும்பம்?
கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது.
பன்மையிலேயே சொல்லி முடித்தார்.

தட்டை யார் வாங்குவதென்று
ஒருவருக்கும் தெரியவில்லை.
அக்கா வாங்கினா. வாசலில்
பூட்ஸுக்குள் கால் தேடியபடி
வாழைப்பழத்தை உரித்து
பாதியை எனக்கு நீட்டினா.
மற்றப் பாதியோடு
காருக்குள் கனநேரம் இருந்தா,
எஞ்சினைப் போடாமல்.