ஆரல்வாய்மொழி கேட்

கேட்டை மூடிவிட்டு நிற்கும் நாலு நிமிடத்தில்
கணவாய்க் காற்று கன்னத்தில் மணல் தேய்க்கும்.
அதற்காக வாங்கியவை பதினோரு குப்பிகள்.
ஒன்று எரிந்ததென்று இன்னொன்று,
அது உரித்ததென்று வேறொன்று.

வடசேரி டாக்டர்
அத்தனையையும் மேசையில் பரப்பச் சொன்னார்.
"இதுல எது நோவு, எது மருந்து?"
எனக்கும் தெரியவில்லை.

இப்போது
இரவில் முகம் கழுவ ஒன்று,
ஈரம் காயுமுன் பூச ஒன்று,
டூட்டிக்கு முன் வெயிலுக்கு ஒன்று.
முதல் வாரம் கை, பழக்கத்தில்,
வெற்று அலமாரியைத் துழாவிவிட்டு வந்தது.
மீதியை ரெக்ஸ்லின் கேட்டாள். கொடுக்கவில்லை.

சீரம் குப்பியின் துளிக்குழாய்
தையல் மெஷினுக்கு எண்ணெய் விடுகிறது.

நாகர்கோவில் பாசஞ்சர் வருகிறது.
கேட்டை இறக்குகிறேன்.
காற்று அதே காற்றுதான்.
எரியவில்லை.