தொகுதி எண்

ஹடர்ஸ்ஃபீல்டில் மழை வலுத்தால்
ஆஸ்பத்திரி அடித்தளத்தில் முதலில் நனைவது
'டி' வரிசை.
வாளி வைத்துவிட்டு ஃபைல் தேடுவேன்.
எடுப்பது, நகலெடுப்பது, திரும்ப வைப்பது.
படிக்கக் கூடாது என்பது விதி.

ஐரீன் தாக்ரி வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை.
பத்துப் பவுண்டு கட்டணத்தைச்
சில்லறையாகவே எண்ணி வைத்தாள்.
"என் மகனுடையது. கீத்.
இறந்தவர்களுக்கு அலமாரி வேறா?"
ஒரே அலமாரிதான் என்றேன்.
ஏனோ அது அவளுக்குப் பிடித்திருந்தது.

இரண்டு பாகம் இருந்தது.
மூன்றாவதற்கு அட்டை மட்டும்.

முதல் பாகம் முழுக்க அவள் கையெழுத்து,
வீட்டில் ஊசி போட்ட கணக்கு.
தேதி. எந்த மூட்டு. எத்தனை புட்டி. தொகுதி எண்.
ஓரத்துக் கட்டத்தில்,
"இடது முழங்கால். பந்து ஆடியிருக்கிறான், ஒத்துக்கொள்ளவில்லை."
"வலது கணுக்கால். ஒரு மணி நேரத்தில் எழுந்து சாப்பிட்டான்."
"இன்று தானே குத்திக்கொண்டான். பதினோரு வயது!"
ஆச்சரியக்குறி தாளைக் கிழித்திருந்தது.

ஃபிரிட்ஜில் வெண்ணெய்க்குப் பக்கத்தில் இருக்குமாம் அந்தப் பொடி.
தண்ணீர் விட்டுக் குலுக்கக் கூடாது,
உள்ளங்கைகளுக்கிடையே உருட்டிக் கரைக்க வேண்டும்.
காற்றில் உருட்டிக் காட்டினாள்,
இல்லாத புட்டி ஒன்றை.
எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள் என்றாள்.
நரம்பைத் தட்டி எழுப்ப,
குமிழியை விரட்ட,
காலிப் புட்டியைக் கழுவாமல் திருப்பித் தர.
ஒரு புட்டிக்குள் எத்தனை ஆயிரம் பேர் இருந்தார்கள்,
அவர்களில் ரத்தம் விற்று அன்றைய சாப்பாட்டைப் பார்த்தவர்கள் யார் யார்
என்பதை மட்டும்
யாரும் சொல்லவில்லை.

இரண்டாம் பாகம் டாக்டரின் கிறுக்கல்.
மார்ச், எண்பத்தைந்து. ரத்தப் பரிசோதனை: பாசிட்டிவ்.
எந்தப் பரிசோதனை, யாரைக் கேட்டு,
அதெல்லாம் இல்லை.
கீழே பென்சிலில்:
"பையனிடமோ தாயிடமோ இப்போதைக்குச் சொல்ல வேண்டாம்."

அடுத்த தாள் அக்டோபர், எண்பத்தேழு.
என் விரலுக்குத் தட்டுப்பட்டது
ஒரு தாளின் தடிமன்தான்.
காதும் காதும் வைத்தாற்போல என்போம்,
இங்கே காகிதமும் காகிதமும்.

நடுவில் முப்பத்தொரு மாதம்.
நகல் இயந்திரம் சூடாகும்வரை அவள் சொன்னாள்.
அப்பாவின் ரேஸரைக் கேட்காமல் எடுத்துக்
கீத் மீசை மழித்தது.
ஸ்கார்பரோவில் கேரவனில் ஒரு வாரம், ஐந்து பேர், ஓயாத மழை.
பிறகு ஜானிஸ்,
ரொட்டிக்கடையில் வேலை பார்த்தவள்.
"அவளைப் பற்றி மட்டும் கேட்காதே."
நான் எதையுமே கேட்டிருக்கவில்லை.

அந்த முப்பத்தொரு மாதமும்
அவள் கணக்குத் தாள் தவறாமல் வந்திருக்கிறது.
தேதி, மூட்டு, புட்டி, எண்.
ஒவ்வொன்றின் தலையிலும் ஊதா முத்திரை,
'பெறப்பட்டது'.

நகலில் பென்சில் விழவில்லை.
மார்ச் எண்பத்தைந்துக்குக் கீழே
சுத்தமான வெள்ளை.
ஒரு தாளுக்கு ஒரு நகல் என்று சுவரில் ஒட்டியிருக்கிறது,
ஒட்டியவளே நான்தான்.
கருமை கூட்டும் பொத்தானை அழுத்தினேன்.
இன்னொரு தரம்.
மூன்றாம் முறை தாள் முழுக்கச் சாம்பல் பூத்து,
அந்த அழுக்குக்குள்ளிருந்து
"வேண்டாம்" முதலில் வந்தது,
பிறகு "சொல்ல".

கொடுத்தேன்.
மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.
படித்தாளா, தெரியாது.
அந்தத் தாளை மட்டும் அடியில் வைத்துவிட்டுத்
தன் கணக்குத் தாள்களை ஒவ்வொன்றாய்ப் புரட்டினாள்.
ஓரிடத்தில் விரல் நின்றது.
"இது ஏழு," என்றாள்,
"நகலில் ஒன்று மாதிரி விழுந்திருக்கிறது.
உங்கள் கட்டிலும் யாராவது தப்பாகப் படித்துவிடப் போகிறார்கள்.
திருத்திவிடு."
மேசையில் எட்டியது ஒரு பென்சில்.
அவள் கைப்பையைத் திறந்து
பேனாவை நீட்டினாள்.