எண்பத்தெட்டு

டயர் கடை ஷட்டர் இறங்கியதும்
அதன் வாசல் தாக்கோ வண்டிக்குச் சொந்தம்.
வெஸ்டர்ன் அவென்யூவை எட்டாம் தெரு முட்டும் மூலை,
லாஸ் ஏஞ்சலஸ், இரவு பத்தே முக்கால்.
எனக்கு முன்னால் முப்பது பேராவது இருக்கும்.

பகல் முழுக்க யாரோ ஒருவரின் குளியலறையில்
மண்டியிட்டு ஓடு பதித்த முழங்கால்கள்
திரும்பிப் போகலாம் என்றன.
ரெஃபுஜியோதான் கிளப்பிவிட்டவன்.
கொரியாக்காரன் தாக்கோ போடுகிறான்,
ஒரு தரம் தின்றுவிட்டு அப்புறம் பேசு, என்றான்.
நான் பேசத்தான் வந்தேன்.
குறை சொல்லப் போகிறவன்
வெறும் வயிற்றோடு போவதே முறை.

சோள ரொட்டிக்குள் முட்டைக்கோஸ் ஊறலாம்.
புவேப்லாவில் என் அத்தை கடையில் இதைக் கேட்டிருந்தால்
கரண்டி பறந்திருக்கும்.

எனக்கு முன்னால் நின்றவருக்கு
சட்டைக் கைமடிப்பு கத்தி போல நின்றது.
சலவைக் கடை வைத்திருக்கிறாராம்.
பெயர் பே குவாங்-சோல்.
எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது
ஓட்டை ஆங்கிலம் ஒன்றுதான்,
ஓட்டைகள் மட்டும் வேறு வேறு இடத்தில்.
அவரும் சண்டைக்குத்தான் வந்திருந்தார்.
கிம்ச்சியை வெண்ணெயில் வதக்குகிறானாம்,
வெண்ணெயில், என்று
இரண்டு முறை சொன்னார்,
வீட்டில் திருட்டுப் போனதைச் சொல்வது போல.

வரிசை நகர்ந்தது, நகரவில்லை, நகர்ந்தது.
காசு கொடுத்துச் சீட்டு வாங்கினோம்.
அவருக்கு எண்பத்தாறு, எனக்கு எண்பத்தேழு.

அப்போதுதான் ஜெனரேட்டர்
இரண்டு தரம் இருமிவிட்டுச் செத்தது.

விளக்கு போன வண்டிக்குள்
நீலமாக அடுப்பு மட்டும்.
பூண்டும் சர்க்கரையும் சோயாவும்
மாட்டு விலாவின் மேல் கருகும் வாசனை
இருட்டில் இன்னும் கிட்டே வந்தது.
யாரோ சிரித்தார்கள். ஒரு கைக்குழந்தை அழுதது.
சீட்டுக் கொடுக்கும் பெண் இட்செல்
ஜன்னலில் தலையை நீட்டிக் கூவினாள்:
எண்பத்...
மிச்சத்தைப் பேருந்து ஒன்று விழுங்கிவிட்டுப் போனது.

தட்டின் ஒரு விளிம்பை அவர் பிடித்தார்,
மறு விளிம்பு என் கையில்.
ஒருவரையொருவர் பார்த்தோம்;
பார்த்தோமா, இருட்டில் யாருக்குத் தெரியும்.
தட்டில் இரண்டு இருந்தன.
ஆளுக்கு ஒன்று, என்றார்.

கடித்தேன்.
கல்லில் வாட்டிய ரொட்டியின் சுண்ணாம்பு மணம் முதலில்.
அது எனக்குத் தெரியும், அதில் எனக்குச் சந்தேகமில்லை.
பிறகு இறைச்சியின் இனிப்பு,
அதற்குள் நறுக்கென்று ஏதோ,
புளித்து, சுள்ளென்று மூக்குவரை ஏறி,
எலுமிச்சை வந்து அடக்கப் பார்த்து முடியாமல்.
சாறு முழங்கை வரை ஒழுகியது.
அவருடைய கைமடிப்பிலும்தான்.
சலவைக்காரர் அதைப் பார்த்தார்,
ஒன்றும் செய்யவில்லை.

மென்று முடித்ததும்
ஒரே நேரத்தில் சொன்னோம்:
இது எங்களுடையது இல்லை.

பின்னாலிருந்து ஒரு குரல்:
ஆமாம், அது என்னுடையது.

திரும்பினால்,
செல்போன் வெளிச்சத்தில் பதினாறு வயதுப் பெண்,
காதில் மூன்று வளையம்,
கையில் சீட்டு எண்பத்தெட்டு.
கோபமா என்றால் கோபம்தான்,
ஆனால் பசிக் கோபம்.
வாயில் அவளுடைய கடைசித் துண்டோடு
மன்னிப்புக் கேட்க முடியாமல்
இரண்டு கிழட்டுக் கழுதைகள் நின்றோம்.

ஜெனரேட்டர் உயிர் பெற்றபோது
எங்கள் இரு தட்டுகளும் வந்தன.
முதலில் அவளை எடுத்துக்கொள்ளச் சொன்னோம்.
அவருடைய தட்டிலிருந்து இரண்டையும் எடுத்தாள்,
என்னுடையதிலிருந்து ஒன்றை.
வட்டி, என்றாள்.
மிஞ்சியிருந்த ஒன்றை
இருவருக்கும் நடுவில் வைத்துக்கொண்டு
நடைபாதை விளிம்பில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம்.
நீங்கள் சாப்பிடுங்கள், இல்லை நீங்கள்.
அது ஆறிப்போனது.

மறுநாள் காலை எட்டு மணிக்கு
ஓடு அறுத்த தூசி கண்ணில் விழ, கசக்கினேன்.
நகக்கண்ணில் மிளகாய் இன்னும் இருந்தது.
எப்படி இருந்தது, என்றான் ரெஃபுஜியோ.
கண்ணீர் கொட்டக் கொட்டச் சொன்னேன்:
பரவாயில்லை.