பத்து நாளைக்கு மேல்

படுக்கையறையின் வடக்கு மூலையில்
உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பு பூத்திருந்தது.
வீட்டுக்காரர் ஓஸ்டர்காம்ப் வந்தார்.
சுவரைத் தொடவில்லை, குசினியை மோந்து பார்த்தார்.
"நிறையச் சமைக்கிறீர்கள். யன்னல் திறப்பதில்லை."
தீர்ப்பு முடிந்து தொப்பியைப் போட்டுக்கொண்டார்.

வுப்பர்டாலில்
ஆற்றுக்கு மேல் தொங்கி ஓடுகிற ரயிலுக்குக்கூட
வயிறு எப்போதும் ஈரம்.
அதுவும் அதிகம் சமைக்கிறதோ என்னவோ.

என்னிடம் சாட்சி உண்டு.
யன்னல் சட்டங்களில் ஒட்டிய நாலு வெள்ளைப் பொட்டுகள்,
கட்டில் காலடியில் ஈரம் அளக்கும் வில்லை,
அலுமாரிக்கு மேலே
சோப்புப் பெட்டி அளவில் ஒரு கணினி
எல்லாவற்றையும் எழுதிக்கொண்டே இருக்கிறது

என்றுதான் நினைத்திருந்தேன்.
திறந்தால் பத்தே நாள்.
பதினோராவதை
அதிகாலை நாலு பன்னிரண்டுக்கு அது தானே தின்றுவிடுமாம்.
மாற்றிச் சொல்லாத வீட்டுக்கு அதுதான் விதியாம்.

மாற்றிச் சொன்னேன்.
பத்தை அழித்து நூற்றெண்பது.
வரித் தொடக்கத்தில் ஓர் இடைவெளி கூடிவிட்டதென்று
முழு வீடும் விளங்கமாட்டேன் என்று அடம்பிடித்தது.
திருத்தினேன்.
நினைவட்டையோ சின்னது, அரைவருஷம் தாங்காது.
எதை வைக்க, எதை விட?

பிரிட்ஜ் நொடிக்கொருதரம் ஒப்பிக்கும் வாட்டுக் கணக்கு, வேண்டாம்.
நிலக்கீழ் அறையில் சலவை மெஷினின் நடுக்கம், வேண்டாம்.
சூரியன் வானத்தில் எத்தனை பாகையில் நிற்கிறது,
இந்த ஊரில் அது வதந்தி, வேண்டாம்.
மகன் அறைக் கதவு...
பின்னால் வந்து நின்றிருக்கிறான், கவனிக்கவில்லை.
"அதையும் எடுங்கோ அப்பா."
எடுத்தேன்.
யன்னல், ஈரம், வெப்பம்
மட்டும் மிச்சம்.

கார்த்திகை, மார்கழி, தை.
மாசி தொடக்கத்தில் ஒரு ஞாயிறு
கோடுகளை விரித்தேன்.
காலை ஆறரை, எல்லா யன்னலும், பத்து நிமிஷம்.
மாலை ஐந்தரை, மறுபடியும்.
படுக்கைக்கு முன் ஒருதரம்.
ஓஸ்டர்காம்பே, வாரும், எண்ணும்!

பிறகு மூன்று பத்து.
மூன்று பத்து, இரவில்.
மூன்று பதினேழு. மூன்று ஐந்து.
குசினி யன்னல், நாற்பது நிமிஷம்,
வெப்பம் பன்னிரண்டு பாகைக்கு இறங்கி
மெல்ல ஏறுகிறது.
மார்கழி முழுக்க ஒரு இரவும் தப்பவில்லை.

அந்த நேரம் நான் குறட்டை விட்டுக்கொண்டிருந்திருப்பேன்.
நல்லகாலம், அதற்கு உணரி வாங்கவில்லை.

குசினி யன்னலையும்
வேண்டாதவற்றில் சேர்க்கத்தான் கை போனது.
சுட்டி அதன் பெயரில் நின்று துடித்தது.
சுகிர்தா தேத்தண்ணியோடு வந்தாள்,
திரையைப் பார்த்தாள்,
கனநேரம்.

"நாப்பது நிமிசமோ?
நான் அஞ்சு எண்டெல்லோ நினைச்சன்."

ஏன் என்று நான் கேட்கவில்லை.
கேட்கிற இடத்தில் தேத்தண்ணியைக் குடித்தேன்.
"அதையும் சேர்த்தே குடுங்கோ," என்றாள்.
"திறக்கிறேல்லை எண்டுதானே அந்தாள் சொன்னது."

பதினாலு பக்கம்.
ஓஸ்டர்காம்ப் மூக்குக்கண்ணாடியை இரண்டுதரம் துடைத்தார்.
"இரவு மூன்று மணிக்கு யார் காற்று வாங்குவார்?"
"என்ரை மனுசி," என்றேன்,
அவருக்கு விளங்காத தமிழில்.
அடுத்த கிழமை ஏணியோடு ஒருவர் வந்து
வெளிச்சுவரில் பீலி வெடித்திருந்ததைக் கண்டார்.

அன்றிரவு கட்டிலில் பக்கத்து இடம் வெறுமையானபோது
நானும் எழும்பிப் போனேன்.
குசினியில் லைட் இல்லை.
அவள் திரும்பிப் பார்க்கவில்லை,
கொஞ்சம் தள்ளி நின்றாள்,
எனக்கு இடம்.
கீழே தண்டவாளம் மழையில் மினுங்கியது.
அலுமாரிக்கு மேலே
'திறந்தது' என்று எழுதப்பட்டிருக்கும்.
எத்தனை பேர் என்பதற்கு
அதில் கட்டம் இல்லை.

நாலு பன்னிரண்டுக்கு
அழிக்க ஒன்றும் கிடைக்காமல்
கணினி ஒருதரம் பச்சையாய்க் கண் சிமிட்டியது.
"குளிருது," என்றாள். "சாத்துங்கோ."