நூற்றைம்பது கிராம்

சார்ஜன்ட் தெருவில் கடையைப் பூட்டிச் சாவியைக் கொடுத்த பிறகு
எனக்கு மிஞ்சியது பதினொரு டின் தேங்காயெண்ணெய்,
ஒன்பது போத்தல் நல்லெண்ணெய்.
திகதி பங்குனியோடு முடிகிறது.
பங்காளி குகனேசன் பங்கு கேட்கவில்லை.
கல்கரியில் மச்சானோடு நிற்கிறாராம்.
ஃபோன் அடித்தால் அடித்துக்கொண்டே இருக்கிறது.

பொரித்துத் தின்று தீர்க்க ஆயுள் போதாது.
சவர்க்காரம் காய்ச்சலாமோ என்றேன்.
காய்ச்சத் தேவையில்லை, எண்ணெயை உருக்கினால் போதும்,
மிச்சக் கொதிப்பைக் காரமே பார்த்துக்கொள்ளும்
என்றாள் கீழ்வீட்டு ஒக்ஸானா.

ஹார்ட்வேர் கடையில் காரம் வாங்கும்போது
"குழாய் அடைத்துவிட்டதா?" என்று பொடியன் கேட்டான்.
ஓம், பெரிய அடைப்பு என்றேன்.
லேபிளைத் திருப்பித் திருப்பி வாசித்தேன்:
சோடியம் ஹைட்ராக்சைடு, நூறு வீதம், வேறொன்றும் இல்லை.
இவ்வளவு நேர்மையான சாமானை
பதினாறு வருட வியாபாரத்தில் நான் விற்றதில்லை.

தை மாதச் சனிக்கிழமை.
பூனையைக் குளியலறையில் விட்டுச் சாத்தினேன்
(பெயர் வட்டி. கடனோடு கடனாக வந்தது).
நீளக்கைச் சட்டை, றப்பர் கையுறை, கண்ணை மூடும் கண்ணாடி.
அலுமினியச் சட்டி ஆகாது, காரம் அதைத் தின்றுவிடும்.
ஜன்னலை இரண்டு விரல் திறந்தேன்.
வின்னிபெக்கின் மைனஸ் இருபத்தொன்பது உள்ளே வந்து
கதிரை இழுத்து உட்கார்ந்தது.

தராசு கடையில் நின்ற அதே தராசு.
அதில் ஒரு பிடி கூட, ஒரு பிடி குறைய
ஆளின் முகம் பார்த்து நிறுத்திருக்கிறேன்.
இன்று பார்க்க முகம் இல்லை.
தேங்காயெண்ணெய் அரைக்கிலோ, நல்லெண்ணெய் அரைக்கிலோ,
தண்ணீர் முந்நூறு, காரம் நூற்றைம்பது கிராம்.
நூற்றெழுபது போனால் தோலை அரிக்கும்.
"கிட்டத்தட்ட" என்ற சொல்லை
மேசையை விட்டு இறக்கிவைத்தேன்.

காரத்தைத்தான் தண்ணீரில் போடவேண்டும்.
தண்ணீரைக் காரத்தில் ஊற்றினால் சீறி முகத்துக்கு எழும்பும்.
ஒக்ஸானா அலுமாரிக் கதவில் எழுதி ஒட்டியிருந்தாள்,
அம்புக்குறி போட்டு, என்னை நம்பாமல்.
கொஞ்சங் கொஞ்சமாய்த் தூவினேன், முகத்தைத் திருப்பி.
அடுப்பில்லாமலே ஆவி பறந்தது.

கையுறைக்கும் சட்டைக்கும் நடுவே
ஒரு துளி.
முதலில் ஒன்றுமில்லை, வழுக்கியது.
பிறகு கடித்தது.
என் கை வினாகிரிப் போத்தலுக்குப் போனது.
வேண்டாம்! தண்ணீர், வெறும் தண்ணீர் என்று கத்தி
என் கையைக் குழாயடியில் பிடித்துவைத்தாள்.
பதினைந்து நிமிடத்துக்கு அலாரம் வைத்தாள்.

பதினைந்து நிமிடம் குழாயடியில் நிற்கிற மனுசி
என்ன யோசிப்பாள்?
குகனேசன் என்னைக் கைகழுவி விட்டதைத்தான்.
அவர் இவ்வளவு நேரம் எடுத்திருக்கமாட்டார் என்பதை.
ஏழாவது நிமிடமோ எட்டாவதோ,
கார்த்திகை வாடகைக்கு அவர் மோதிரம் அடகு போனது
ஞாபகத்துக்கு வந்தது.
கடை பூட்டிய நாளிலிருந்து
அதுவரை ஒருநாளும் வராத ஞாபகம்.

அலாரம் அடித்தது. புதுக் கையுறை போட்டேன்.
எண்ணெயில் காரத்தண்ணீரை ஊற்றிக் கடையக் கடைய
கஸ்டர்ட் போல் தடித்தது.
கரண்டி இழுத்த கோடு
மூழ்காமல் மேலே நின்றது.
பால் பெட்டியில் ஊற்றித் துவாயால் சுற்றினேன்.

ஆறு கிழமை காயவேண்டும்.
கிழமைக்கொருதரம் நிறுக்கிறேன்,
ஒவ்வொருதரமும் இரண்டு மூன்று கிராம் குறைவு.
வட்டி தட்டை மோந்து தும்மிவிட்டுப் போகிறது.
மணிக்கட்டில் பருப்பளவு அடையாளம்
இப்போது மங்கிவிட்டது.

மச்சானிடம் கல்கரி விலாசம் வாங்கியாயிற்று.
கடதாசியில் சுற்றி, மேலே பெரிதாய் எழுதினேன்:
பங்குனி பதினைந்துக்கு முன் பாவிக்கவேண்டாம்.
வேறொன்றும் எழுதவில்லை.
மொத்தம் பன்னிரண்டு கட்டி, ஆறு அவருடையது.
நிறுத்துத்தான் பிரித்தேன்.