கோரம்

மூன்று பேராளர்களை மாநாட்டுக்கு அனுப்ப
அறுபத்தொரு பேர் வேண்டும்.
ஞாயிறு இரண்டு மணி என்று போட்டிருந்தோம்.
சாட்ஸ்வொர்த்தில் இரண்டு மணி
மூன்றேகாலுக்குப் பிறகுதான் வரும்.

பள்ளிக்கூட மண்டபம். உத்தரத்தில் மைனாக்கள்
எங்களுக்கு முன்பே கூடி
ஏதோ தீர்மானத்தைக் குதறிக்கொண்டிருந்தன.
நான் கிளைச் செயலாளர். என் பங்குக்கு
வாசலில் ஒரு மேசை, ஒரு பதிவேடு,
நூல் கட்டிய பேனா.
போன முறை பேனாவைக் கட்டவில்லை;
ஒரே கையெழுத்தில் பதினாலு பேர் வந்துவிட்டார்கள்.

புவனேந்திரன் நாயக்கரின் ஆட்கள் இடப்பக்கம்.
வலப்பக்கம் தோகோசிலே ம்கிசேயோடு வந்தவர்கள்,
சரிவிலுள்ள தகர வீடுகளிலிருந்து
இரண்டு டாக்சியில், கூலியைத் தங்களுக்குள் பங்கிட்டு.
இடப்பக்கத்து டாக்சிக்கு யார் கொடுத்தது என்று
நான் கேட்கவில்லை.
ஆகஸ்டில் முப்பது பேருடைய சந்தா
ஒரே ரப்பர் வளையத்துக்குள் வந்தபோதும் கேட்கவில்லை.
ரசீது எழுதினேன். முப்பது ரசீது.
மணிக்கட்டு வலித்தது, அவ்வளவுதான்.

மண்டலத்திலிருந்து வந்த ம்செலெகு
கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தார்.
"கோரம் இருக்கிறதா, தோழரே?"
அந்தச் சொல்லை ஒருநாள் தமிழ் அகராதியில் தேடினேன்.
பயங்கரம் என்று போட்டிருந்தது.

கூட்டினேன். அறுபத்தொன்று.
கைதட்டி, சூலுவில் பாடினோம்;
வார்த்தை தெரியாதவர்கள்
வாயை மட்டும் சரியான இடத்தில் திறந்தார்கள்.

அப்புறம் தலைகளை எண்ணினேன்.
கடையில் சில்லறையை இருமுறை எண்ணுகிற பழக்கம்.
அறுபது.
பின்வரிசையிலிருந்து மறுபடி. அறுபது.

நாற்பத்தேழாவது வரி, நான்
நாற்காலி எடுக்கப் போயிருந்த நேரம்:
கன்னியப்பன் கோவெண்டர்.
அவசரமில்லாத கையெழுத்து, கடைசி எழுத்தில் ஒரு வால்.
மூன்று வாரம் முன்பு கிளேர் எஸ்டேட் தகனக்கூடத்தில்
அவர் மேல் கொடியை விரித்தவளே நான்தான்.
ஒரு மூலை மடங்கியிருந்தது. சரி செய்தேன்.

நாயக்கர் தோளருகே குனிந்தார், பெப்பர்மின்ட் மணக்க.
"ஏட்டில் இருக்கிறதுதான் எண்ணிக்கை.
யாராவது கழிப்பறைக்குப் போயிருக்கலாம்."

கழிப்பறைக்கு.
சிரிப்பு தொண்டைவரை வந்து
அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

பெயர் வாசிக்கிறேன் என்றேன்.
பிரியாணி ஆறுகிறது என்றார்கள் இரண்டு பக்கத்திலிருந்தும்.
அன்று அவர்கள் ஒத்துப்போனது அதில் ஒன்றில்தான்.
வாசித்தேன்.
நாற்பத்தாறு, "இருக்கேன்."
"கன்னியப்பன் கோவெண்டர்."

தேநீர்க் கொதிகலன் பக்கமிருந்து
ஒரு கை உயர்ந்தது.
அவர் மனைவி தெய்வானை. உறுப்பினர் அல்ல.
இருபத்தாறு வருஷமாய்
கூட்டம் முடிந்ததும் கோப்பை கழுவுகிறவர்.
"ஜூன் வரைக்கும் கட்டியிருக்காரு," என்றார் தமிழில்;
பிறகு எல்லோருக்குமாக ஆங்கிலத்தில்.
"மிச்ச மாசத்துக்கு நான் உட்காரலாமா?"

ம்செலெகு விதிப்புத்தகத்தைப் புரட்டினார்.
முன்னால் ஒருமுறை. பின்னாலிருந்து ஒருமுறை.
கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டார்.

அளவுகோலை வைத்து நேராக ஒரு கோடு இழுத்தேன்.
அறுபது.

நாயக்கர் அதோடு என்னிடம் பேசவில்லை.
ம்கிசேயும் பேசவில்லை. அவர் பக்கம் முப்பத்துநாலு பேர்;
அன்றைக்கே ஜெயித்திருப்பார்.
டாக்சிக் கூலியை மறுபடி பங்கிட
வாசலில் நின்று நாணயம் பொறுக்கினார்கள்.
பிரியாணி எண்பது பேருக்கு வந்திருந்தது.
அதற்கு ஆள் குறையவில்லை.

நாற்காலிகளை அடுக்கும்போது தெய்வானை வந்து
பாரம் கேட்டார். இருபது ராண்ட், ஈரக் கையிலிருந்து.
மூன்று மாதம் கழித்துத்தான் ஓட்டு என்றேன்.
"கோப்பை கழுவ அவ்வளவு நாள் ஆகாதில்ல?"

நூல் எட்டும் தூரத்துக்குப் பேனாவை இழுத்து
நிதானமாகக் கையெழுத்துப் போட்டார்.
கடைசி எழுத்தில் ஒரு வால்.

பார்த்தேன்.
ரசீதைக் கிழித்துக் கொடுத்தேன்.